ஏழாம் நம்பர் மலையின் சிவப்புக் கல்

துஷாந்தினி அக்கா குறி பார்க்கும்போது ஒரு கண்ணை மூடுவதில்லை. டவுன் பையன்கள் எல்லாரும் மூடுவார்கள். படங்களில் பார்த்துப் பழகியது. அக்காவிடம் கேட்டால், “கொழுந்து எடுக்கையில ஒத்தக் கண்ண மூடிக்கிட்டா எடுக்குறோம்?” என்பார்.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் இறங்கி, நாற்பது நிமிடம் மேலே நடந்தால் எங்கள் வெள்ளப்பாறைத் தோட்டம். அக்கா அங்கே பதினெட்டு வயதில் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவர். இப்போது இருபத்தெட்டு. கணவருக்குக் கொழும்பில் கோழிக்கடை ஒன்றில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். மகள் இரண்டாம் வகுப்பு. காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று, இன்றைக்கு எந்த மலை என்று கங்காணி சொல்வதைக் கேட்டுவிட்டு ஏறும் நூற்றுப்பத்துப் பெண்களில் ஒருவர். பார்த்தால் அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் தேயிலைக் காட்டின் ஒவ்வொரு துண்டும் மலைதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். ஏழாம் நம்பர் மலையின் கீழ்ப்பாதி காடாகிப் போய்ப் பத்து வருடம். பதுளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் மிப்ரான் நானா அதைத் தோட்டத்திடம் குத்தகைக்கு எடுத்து, பழைய டயர்களையும் தார்ப் பீப்பாய்களையும் அடுக்கி, மேல் எல்லையில் வலை கட்டி, பெயின்ட்பால் மைதானம் ஆக்கினார். எங்கள் பேச்சில் துவக்கு என்கிற துப்பாக்கி மாதிரி ஒன்று. அதில் காற்றின் அழுத்தத்தால் சாய உருண்டைகள் பாயும். உடம்பில் பட்டு உடைந்தால் ஆள் வெளியே. பக்கத்து ஊரான எல்லவுக்குச் சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை நம்பித்தான் நானா இறங்கினார். எங்களைப் போன்ற ஆட்கள் விளையாடுவோம் என்று அவர் நினைக்கவே இல்லை.

அக்கா அங்கே முதலில் போனது சாயம் பட்ட மேலங்கிகளைத் துவைக்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லவிலிருந்து வந்த கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது. நானா விளையாட்டாக, “நீங்க நிக்கிறீங்களா தங்கச்சி?” என்று கேட்டார். அக்கா ஈரக் கையைத் துடைத்துவிட்டு முகமூடியை மாட்டினார். எதிரணியில் இருந்த ஆறு பேரையும் வெளியேற்றிவிட்டு, ஏழாவது ஆளைத் தேடிப் போனார். ஏழாவது ஆள் அவருடைய அணிக்காரர் என்று நானா விசிலடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

அதிலிருந்து ஓர் அணி உருவானது. தோட்டத்திலிருந்து ஐந்து பேர், டவுனிலிருந்து இரண்டு பேர். அக்காதான் கேப்டன். பண்டாரவளையை வென்றோம், நுவரெலியாவை வென்றோம். யாராவது “கேப்டன்” என்று கூப்பிட்டால் அக்கா திரும்புவதில் சின்னத் தாமதம் இருக்கும், அந்தப் பெயர் தன்னுடையதுதானா என்று ஒருமுறை தடவிப் பார்ப்பதுபோல. நான் அந்த ஏழு பேரில் பின்னால் நிற்பவன். அதிகம் சுடமாட்டேன், பார்ப்பேன்.

அதனால்தான் அந்தச் சிவப்பையும் பார்த்தேன்.

போன வருடம் ஆடி மாதம். மலையில் காற்று சுழன்றடிக்கும், மழை மட்டும் வராது. பண்டாரவளை அணியோடு இறுதி ஆட்டம். அவர்களில் ஒருவன் மிச்சம், எங்களில் அக்கா மிச்சம். அவன் மேலே வலைக்கு முன்னால் பீப்பாய் ஒன்றின் பின்னால் நின்றான். அக்கா கீழே, தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் கிடந்தார். ஐம்பது அறுபது அடி எடுத்து வைக்கும் தூரம், அதுவும் ஏற்றம். அவன் தலையைத் தூக்கியபோது அக்கா எழுந்தார். இரண்டு சுட்டார். முதலாவது அவன் நெஞ்சில். இரண்டாவது அவன் தோளுக்கு மேலாக, வலைக்கும் மேலாகப் போய், தேயிலைக்குள் சவுக்கு மரத்தடியில் கிடந்த ஒரு கல்லில் உடைந்தது.

சிவப்புச் சாயம் இரத்தம்போல இருக்கிறதென்று யாரும் வாங்குவதில்லை. அந்த முறை வேறு நிறம் வரவில்லை என்று நானா அதைத்தான் கொண்டுவந்திருந்தார். நல்ல குங்குமச் சிவப்பு.

ஆட்டம் முடிந்த சந்தோசத்தில் அக்காவைத் தோளில் தூக்கினார்கள். கீழே இறங்கும்போது அவர் கல்லைத் திரும்பிப் பார்த்தார். “நாளைக்கு வந்து கழுவிடணும்” என்று என்னிடம் சொன்னார். மறுநாள் அவருடைய மகளுக்குக் காய்ச்சல்.

செவ்வாய்க்கிழமை கொழுந்துக்கூட்டம் ஏழாம் நம்பர் மலையின் மேல்பாதிக்கு ஏறியது. அந்த மலைக்கு முன்பு ஒரு முனியாண்டி இருந்தார், ஒரு கல்தான். இரண்டு வருடத்துக்கு முன் மண்சரிவு அவரைக் கொண்டுபோய்விட்டது. சாமி இல்லாத மலையில் கொழுந்தில் கைவைக்க எங்கள் பெண்களுக்கு மனம் வராது. புதுக் கல் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் மாரியாயி பெரியம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கூட்டத்தில் முன்வரிசைக்காரர். “போனவரு அவரா வருவாரு, நாம யாரு வைக்கிறதுக்கு?” என்பார்.

அப்படிப்பட்டவர் கண்ணில்தான் சவுக்கு மரத்தடியில் நெற்றி சிவந்த கல் பட்டது.

யார் வைத்தது என்று கேட்டார்கள். யாரும் வைக்கவில்லை. பெரியம்மா கொழுந்துச் சாக்கைக் கீழே போட்டுவிட்டு விழுந்து கும்பிட்டார். அடுத்த வாரம் தேங்காய் உடைத்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒரு சிறிய சூலம் நின்றது, மஞ்சள் துணி கட்டியிருந்தது. சாயத்தின் மேல் உண்மையான குங்குமம் தட்டுத் தட்டாக ஏறியது. அந்த மலையில் அடிக்கடி குளவி கலையும். இரண்டு மாதமாக ஒரு குளவிகூடக் கொட்டவில்லை. முனியாண்டி வந்ததற்கு வேறு சாட்சி எதற்கு?

அந்தக் கூட்டத்தில் அக்காவும் நின்றார். எல்லாரோடும் கும்பிட்டார். எங்கள் அணியில் ஏழு பேருக்கும், மிப்ரான் நானாவுக்கும் விசயம் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

புரட்டாசியில் எல்லவிலிருந்து வந்த ஒரு கூட்டம் விளையாடியது. ஒருவன் வானத்தைப் பார்த்துக் கண்டபடி சுட்டான். திங்கட்கிழமை பெண்கள் ஏறியபோது முனியாண்டியின் முகத்தில் நீலம் வழிந்திருந்தது. வியாழக்கிழமை குளவி கலைந்தது. மாரியாயி பெரியம்மாவையும் சேர்த்து நான்கு பேர் ஆஸ்பத்திரியில்.

அடுத்த வாரம் மைதானத்து வாசலில் பிரதேச சபையின் அறிவித்தல் தொங்கியது. வர்ணத் துவக்கு விளையாட்டு, மறு அறிவித்தல் வரை தடை.

எங்களுக்கு அது சும்மா ஒரு தடையாக இருந்திருக்கும். ஆனால் ஐப்பசியில், நவம்பர் முதல் ஞாயிறு, கொழும்பிலிருந்து ஓர் அணி எங்களோடு விளையாட எங்கள் மலைக்கே வருவதாக இருந்தது. நாட்டிலேயே பெயர்போன அணி. தோட்டத்து ஆட்கள் கொழும்புக்குப் போவது நடப்பதுதான்; வீட்டுவேலைக்கு, கடைக்கு, எங்கள் அக்காவின் கணவரைப்போல. விளையாட என்று கொழும்பு தோட்டத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. அக்கா அந்தத் தேதியைத் தன் லயத்து வீட்டுக் கதவின் உட்பக்கம் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்திருந்தார்.

ஆளுக்கொரு வழி பார்த்தோம். மிப்ரான் நானா பதுளையிலும் பண்டாரவளையிலும் அலைந்து இருநூறு கையெழுத்து வாங்கிக்கொண்டு சபைக்குப் போனார். உறுப்பினர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல கையெழுத்து வச்ச யாரும் அந்த மலையில கொழுந்து எடுக்குறதில்லையே நானா” என்று திருப்பிக் கொடுத்தார்.

ரமேஸ் வேறு வழி சொன்னான். எங்களில் சின்னவன், பண்டாரவளையில் போன் கடையில் நிற்பவன். “பைனஸ் மரக்காட்டுக்குள்ள போய் ஆடுவோம். யாரு பாக்கப் போறா?”

அக்கா வரவில்லை. நாங்கள் ஐந்து பேர் போனோம். அரை மணி நேரம் ஆடியிருப்போம். விறகு பொறுக்க வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டுக் கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கூப்பிடக் கூப்பிட ஓடினார். விறகுக் கட்டைச் சுமந்துபோய் அவர் லயத்து வாசலில் வைத்தோம். கதவு திறக்கவில்லை.

கேள்விப்பட்டு அக்கா ரமேஸைப் பிடித்துக்கொண்டார்.

“மூஞ்சிய மூடிக்கிட்டு, துவக்கோட மரத்துக்குப் பின்னாடி நின்னா யாருடா நிப்பா? இந்த நாட்டுல?”

“வெளையாட்டுக்குத் தானே அக்கா.”

“அந்தப் பொம்பளைக்கு அது வெளையாட்டாவா இருந்துச்சு?”

ரமேஸ் காலால் மண்ணைக் கிளறினான்.

கடைசியில் நானாவே ஒரு பேச்சைக் கொண்டுவந்தார். சபையில் முறைப்பாடு கொடுத்தது கொழுந்துப் பெண்கள். அவர்கள் திரும்பப் பெற்றால் சபை தடையை எடுக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த மாரியாயி பெரியம்மாவிடம் பேசினார்கள். பெரியம்மா பணம் கேட்கவில்லை, மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கேப்டன் வந்து முனியாண்டி முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். எரிகிற சூடத்தை வெறுங்கையால் அடித்து அணைத்துச் செய்யும் சத்தியம்; பொய்யென்றால் அந்தக் கை விளங்காது என்பார்கள். “இந்தக் கல்லு மேல ஒங்க சாயம் பட்டது இதுதான் மொதத் தடவ, இதுதான் கடைசி.” அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மைதானத்துக் கொட்டகையில் கூடினோம்.

“எல்லாம் பேசி முடிச்சீக்கிது தங்கச்சி,” என்றார் நானா. “நீங்க ஒரு அடி அடிச்சிட்டு வந்தா சரி.”

அக்கா முகமூடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். “மொதத் தடவன்னு எப்பிடி நானா அடிக்கிறது?”

“நீலம் எல்லவுலேருந்து வந்த ஆளுங்க சுட்டது,” என்றான் ரமேஸ். “அது ஊருக்கே தெரியும். செவப்பு நம்மளுக்கு மட்டும் தானே தெரியும். அக்கா, சொல்லிப்புட்டா அதுவும் நம்ம தலையில விழும். கொழும்பு டீம் வரவே வராது.”

“தெரியும்.”

“சூடம் என்னா கேள்வியா கேக்கப் போகுது?”

“கை எனக்கு வேணும்டா,” என்றார் அக்கா. “கொழும்பு டீமோட ஆடுற கை.”

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வேலை முடிந்து ஏறினோம். சவுக்கு மரத்தைச் சுற்றி முப்பது பெண்கள், தலையில் கட்டிய கொங்காணித் துணியோடு அப்படியே. ஒரு பக்கம் சபை உறுப்பினரும் நானாவும். பெரியம்மாவின் இடது கண்ணிமை குளவி கொட்டிய வீக்கம் வடியாமல் இன்னும் பாதி மூடியிருந்தது. அவர் கல்லுக்கு முன்னால் வெற்றிலையை வைத்து, அதன்மேல் சூடத்தை ஏற்றினார்.

“அடி புள்ள.”

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். சுடர் காற்றில் ஒருபக்கம் சாய்ந்து எரிந்தது.

“கடைசின்னு அடிக்கிறேன் பெரியம்மா. மொதன்னு அடிக்க மாட்டேன்.”

“என்னாடி சொல்ற?”

“இந்தக் கல்லுல மொத மொதல்ல பட்ட செவப்பு என்னோடது. ஆடி மாசம் மேட்ச்சுல நான் தான் சுட்டேன். தெரியாமப் பட்டுச்சு. கழுவ வரலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க கும்பிட்டுட்டீங்க.”

நானா கண்ணை மூடிக்கொண்டார். உறுப்பினர் எங்கேயோ மலையைப் பார்த்தார். யாரும் அடிக்காமலே சூடம் தானாக எரிந்து அணைந்தது.

பின்னாலிருந்து ஒருத்தி, “அப்ப நாங்க ரெண்டு மாசமா சாயத்தையா கும்பிட்டோம்?” என்றாள்.

“நானும் தான் கும்பிட்டேன்,” என்றார் அக்கா. “தெரிஞ்சுக்கிட்டே கும்பிட்டேன்.”

“ஏன்?” என்றார் பெரியம்மா. குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“மொத வாரம் ஒங்க மூஞ்சிக்காக. அப்புறம் அப்புடியே பழகிப் போச்சு. மகளுக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தப்ப இதுக்கிட்ட தான் சொன்னேன். நான் சுட்டதுன்னு தெரியும், ஆனா வேற யாருக்கிட்டச் சொல்றது?”

பெரியம்மா அணைந்த சூடத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“எங்க நின்னு சுட்ட?”

அக்கா கீழே கையைக் காட்டினார். வலையைத் தாண்டி, பீப்பாய்களைத் தாண்டி, கான். பெரியம்மா நல்ல கண்ணைச் சுருக்கிக்கொண்டு கானையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அங்கேருந்தா?”

“ஆமாங்க.”

பெரியம்மா வெற்றிலையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு இறங்கினார். பெண்கள் அவர் பின்னால் இறங்கினார்கள். அக்கா மட்டும் செருப்பைப் போடாமல் நின்றார்.

அடுத்த மூன்று வேலை நாட்களும் கொழுந்துக்கூட்டத்தில் யாரும் அக்காவோடு பேசவில்லை. பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லாரும் ஓரிடத்தில் உட்கார, அவர் தள்ளி உட்கார்ந்தார். நிறுக்கும் இடத்தில் சாக்கைத் தூக்கிவிட ஆளில்லை, தானே தூக்கினார். நான் கொழுந்து லொறியில் நிற்பவன் என்பதால் இதெல்லாம் பார்த்தேன். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கும் முகம் இல்லை அது. சனிக்கிழமைக்கு முன்னால் இருந்ததைவிடக் கழுத்து நிமிர்ந்துதான் இருந்தது.

“சொல்லாம இருந்திருக்கலாம்னு தோணலையா அக்கா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“தோணுச்சு. கதவுல தேதியப் பாக்குறப்பல்லாம் தோணுச்சு,” என்றார். “ஆனா பொய் சொல்லித் தொறந்த மைதானத்துல நின்னா எனக்குக் குறி சேராது.”

வியாழக்கிழமை பெரட்டில், “ஏழாம் நம்பர்” என்று கங்காணி கூப்பிட்டார். பெண்கள் ஏறினார்கள். அக்கா கடைசியாக ஏறினார். மேலே போனபோது யாரும் கொழுந்தில் கை வைத்திருக்கவில்லை. சவுக்கு மரத்தடியில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர். பெரியம்மா தேங்காய்ப் பொச்சு நாரால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீலம் போயிருந்தது, சிவப்பும் போயிருந்தது. இரண்டு மாதக் குங்குமம் எல்லாம் கரைந்து மண்ணில் ஓடியது. கல் வெறும் கல்லாக, ஈரமாக, கறுப்பாக இருந்தது.

“வாடி இங்க,” என்றார் பெரியம்மா. குங்குமச் சிமிழை நீட்டினார். “இந்தப் பக்கம் ஆயிரம் கல்லு கெடக்கு. அம்புட்டுத் தூரத்துலேருந்து ஒன் குண்டு இதுல தான் வந்து பட்டுச்சு. நீ சுட்டியோ அவரு வாங்கிக்கிட்டாரோ, எனக்கு என்னா தெரியும்? ஆனா துவக்கால வச்சது போதும். இப்ப கையால வை.”

அக்கா விரலில் குங்குமத்தைத் தொட்டுக் கல்லின் நெற்றியில் வைத்தார் என்று கூட்டத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

பொட்டு வைத்து முடித்ததும் சூடம் ஏற்றினார்கள். மலைக்கு மேலே பார்த்து எங்கள் அணியில் யாரும் இனிச் சுடமாட்டார்கள், வெளியாட்களையும் சுட விடமாட்டோம் என்று அக்கா அடித்தார். ஒரே அடி. உள்ளங்கையில் கரி வட்டமாக ஒட்டியது. அன்று முழுக்க அந்தக் கையால்தான் கொழுந்து எடுத்தார்.

முறைப்பாடு திரும்பப் பெறப்பட்டது. சபை புதுக் கடிதம் கொடுத்தது: ஞாயிற்றுக்கிழமை மட்டும், வலை இன்னும் ஆறடி உயரம், ஏற்றத்தை நோக்கிச் சுடக்கூடாது. ஆகவே மைதானத்தையே திருப்பிப் போட்டோம். முன்பு மேலும் கீழுமாக ஆடினோம்; இப்போது மலையின் குறுக்கே ஆடுகிறோம். பீப்பாய்களை நகர்த்தவே இரண்டு ஞாயிறு போனது. ரமேஸ் முதுகைப் பிடித்துக்கொண்டு, “முனியாண்டிக்கு நேந்துக்கிட்டது நான் தான் போல” என்றான்.

நவம்பர் முதல் ஞாயிறு காலையில் மழை விட்டிருந்தது. கொழும்பு அணி வேனில் வந்து இறங்கியது. நல்ல சப்பாத்து, ஒரே நிறத்து உடை, முதுகில் பெயர். வலைக்கு மேலே தேயிலை வரிசைகளுக்குள் எங்கள் பெண்கள் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாரியாயி பெரியம்மா சவுக்கு மரத்தில் சாய்ந்து நின்றார்.

அக்கா விதிகளைச் சொன்னார். கடைசியாக, “மேல பாத்து சுடக்கூடாதுங்க. சுட்டா ஆள் வெளிய” என்றார்.

கொழும்பு அணியின் கேப்டன் கொட்டாஞ்சேனைக்காரர், உயரமானவர், மரியாதையாகவே கேட்டார். “ஏன் அக்கா? மேல என்ன?”

“சாமி இருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மரத்தடியில் சூலமும் மஞ்சள் துணியும் தெரிந்தன. “பழைய கோயிலா? யார் வச்சது?”

அக்கா முகமூடியை இறக்கிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து பெரியம்மாவின் குரல்தான் வந்தது, மலை முழுக்கக் கேட்கும்படியாக.

“ஒங்க முன்னாடி நிக்குறாளே தம்பி, எங்க கேப்டன். அவ வச்சது.”

அந்த முறை அக்கா தாமதிக்காமல் திரும்பிப் பார்த்தார். நானா விசிலை ஊதினார்.